பேனா எப்படிப் புத்தகமாகும்?

நமது டிரஸ்ட்டின் வங்கித் தேர்வுப் பயிற்சியில் பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம், கூற்று–முடிவு வினாக்கள். தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் கழிக்கப்படும் தேர்வில், சுலபம் என்று நினைத்தே இதில் இழக்கிறார்கள்.

ஒன்றைப் பாருங்கள். எல்லாப் பேனாக்களும் புத்தகங்கள். சில புத்தகங்கள் மேசைகள். ஆகவே சில பேனாக்கள் மேசைகள். சரியா?

"பேனா எப்படிப் புத்தகமாகும்?" என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே உலக அறிவைச் செருப்போடு வாசலில் விட்டுவிட வேண்டும். கொடுத்த கூற்று மட்டுமே உண்மை.

வட்டம் போடுங்கள். புத்தகம் பெரிய வட்டம், அதனுள்ளே பேனா சிறிய வட்டம். மேசை வட்டம் புத்தகத்தை வெட்ட வேண்டும். பேனாவைத் தொடாமலும் வெட்டலாம் அல்லவா? எனவே அந்த முடிவு நிச்சயமில்லை. 'இருக்கலாம்' வேறு, 'இருந்தே தீரும்' வேறு.

கூற்றுகளை மாற்றிப் பாருங்கள். சில பேனாக்கள் புத்தகங்கள், எல்லாப் புத்தகங்களும் மேசைகள். இப்போது அதே முடிவு நிச்சயம். இரண்டு கூற்றையும் இணைக்கும் நடுச்சொல் புத்தகம். அதன் முழு வட்டத்தைப் பற்றியும் ஏதாவது ஒரு கூற்றாவது பேச வேண்டும். முதல் கணக்கில் எதுவும் பேசவில்லை.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. மன்திக் பாடத்தில், 13ஆம் நூற்றாண்டு அறிஞர் அப்ஹரீயின் 'ஈஸாகூஜி'யில் ஸுக்ரா, குப்ரா, நதீஜா என்று படித்ததுதான். நடுச்சொல்லுக்கு அங்கே ஹத்துல் அவ்ஸத் என்று பெயர். நம் வகுப்பில் ஓதி முடித்த ஒரு மாணவர், கணக்கென்றாலே பயந்தவர், இந்தப் பெயர்களைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இன்னொரு பொறி. முதல் கணக்கிலேயே இரண்டு முடிவு தருவார்கள்: சில பேனாக்கள் மேசைகள், எந்தப் பேனாவும் மேசை அல்ல. தனித்தனியே இரண்டும் நிச்சயமில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து பொய்யாக முடியாது, ஒன்று உண்மையாகவே இருக்கும். விடை: 'இரண்டில் ஒன்று'. 'இரண்டும் இல்லை' என்று குறித்தால் மதிப்பெண் போச்சு.

வீட்டில் போட்டுப் பார்க்க: எந்தப் பழமும் கல் அல்ல. எல்லாக் கற்களும் மரங்கள். முடிவு 1: சில மரங்கள் பழங்கள் அல்ல. முடிவு 2: சில பழங்கள் மரங்கள் அல்ல. எது நிச்சயம்? வட்டம் வரைந்த தாளோடு ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். தாள் இல்லாமல் விடை மட்டும் சொன்னால் ஏற்க மாட்டேன்.