ஜிபிஎஸ் மாட்யூல் வாங்கப்போகும் தம்பி, தங்கைகளுக்கு

1. எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சுவர்க் கடிகாரத்துக்கு விநாடியில் நூறில் ஒரு பங்கு போதும். ராஸ்பெரி பையில் நேர சர்வர் வைக்க மைக்ரோ விநாடி அளவில் வேண்டும். 10 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரைச் சரிசெய்பவருக்குத்தான் நானோ விநாடிக் கவலை. ஆர்டுயினோ உனோவின் மைக்ரோ விநாடிக் கணக்கே 4, 4 ஆகத்தான் நகரும். அதை நம்பிச் செய்யும் வேலைக்கு விலை உயர்ந்த மாட்யூல் வீண்.

2. பிபிஎஸ் (விநாடிக்கு ஒரு துடிப்பு) பின் இல்லாத போர்டை நேர வேலைக்கு வாங்காதீர்கள். என் பேச்சில் இந்த ஒன்றையாவது கேளுங்கள். சீரியல் வழியே வரும் நேரச் செய்தி சில நூறு மில்லி விநாடி பிந்தும்; அந்தத் தாமதமும் ஒரே அளவில் நிற்காது. விநாடி பிறக்கும் கணத்தைச் சொல்வது பிபிஎஸ் துடிப்பின் விளிம்பு மட்டுமே. சாதாரண நியோ-6எம் சிப்பிலேயே அது சுமார் 30 நானோ விநாடிக்குள் வரும். ஆனால் மலிவான போர்டுகள் பலவற்றில் மின்சாரத்துக்கு இரண்டு, செய்திக்கு இரண்டு என நான்கு பின்தான் வெளியே இருக்கும். துடிப்பு எல்இடியோடு நின்றுவிடும். சால்டரிங் கை பழகியவர்கள் அங்கிருந்து ஒரு மெல்லிய கம்பி இழுத்துக்கொள்ளலாம். புதியவர்கள் பின் உள்ளதையே வாங்குங்கள். யுஎஸ்பி வழியாகத் துடிப்பை எடுக்க வேண்டாம், அங்கேயே துல்லியம் போய்விடும்.

3. எல்இஏ-6டி, நியோ-எம்8டி போன்றவை நேரத்துக்கென்றே செய்யப்பட்டவை. சாதாரண ரிசீவர் இடத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட நான்கு செயற்கைக்கோள்களைத் தேடும். இவை முதலில் நெடுநேரம் அளந்து தம் இடத்தை உறுதி செய்துகொள்ளும். அதன்பின் ஒரே செயற்கைக்கோள் தெரிந்தாலும் நேரம் தரும். ஆன்டெனா அசையாமல் இருந்தால்தான் இந்தப் பயன்.

4. மாட்யூலில் மிச்சம் பிடித்தாலும் ஆன்டெனாவில் பிடிக்காதீர்கள். ஜன்னலோரம் பாதி வானம்தான் தெரியும், எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் அலைகளும் கலக்கும். மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள். கேபிள் மீட்டருக்கு ஏறக்குறைய 5 நானோ விநாடி தாமதம் தரும். 20 மீட்டருக்கு 100. நேர மாட்யூல்களில் இதை ஈடுகட்ட செட்டிங் உண்டு.

5. சிக்னல் வோல்டேஜ் 3.3 தானா என்று பார்த்து இணையுங்கள்.

6. ஆன் செய்த உடனே நேரத்தை நம்பாதீர்கள். ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 2017 முதல் 18 விநாடி முன்னால் ஓடுகிறது. அந்த வித்தியாசத்தைச் சொல்லும் தகவல் செயற்கைக்கோளிலிருந்து வந்துசேர 12.5 நிமிடம் வரை ஆகலாம்.

7. பழைய மாட்யூல்கள் மலிவாகக் கிடைக்கும். ஜிபிஎஸ் 1024 வாரத்துக்கு ஒருமுறை வார எண்ணைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரலில் அது நடந்தது. அதைத் தாண்டத் தெரியாத பழைய சிப்கள் தேதியை ஏறக்குறைய இருபது ஆண்டு பின்னால் காட்டும். துடிப்பு மட்டும் சரியாகவே வரும். ஆசிலேட்டர் வேலைக்குத் தயங்காமல் வாங்கலாம், கடிகாரத்துக்கு வேண்டாம்.