வலியசாலையிலிருந்து அகத்தியமலைக்கு: கூடாரமிடும் இடத்தைத் தேடச் செயலியா, வரைபடமா, வனத்துறையா?

திருவனந்தபுரம் நகரின் நடுவே, காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டி அமைந்து, தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் வலியசாலையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் சாலை வழியில் சுமார் இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கிறது. நெடுமங்காடும் விதுராவும் கடந்தால் பொன்முடிக்கும் போனக்காட்டுக்கும் பாதை பிரிகிறது. காட்டாக்கடை வழியே சென்றால் நெய்யாறு அணை வருகிறது. இவ்வளவு அருகில் மலையும் காடும் இருப்பதனால், வார இறுதியில் கூடாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட விரும்புவோர் முதலில் கைப்பேசியை எடுத்துத் தேடுவது இயல்பு. ஆனால் அந்தத் தேடலில் மூன்று வெவ்வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன: தங்கத்தக்க இடம் எங்கே இருக்கிறது, அங்கே தங்குவதற்கு அனுமதி உண்டா, அலைவரிசை கிடைக்காத நிலையில் அங்கே போய்த் திரும்ப வழி தெரியுமா. முதல் கேள்விக்கென ஒருவகைச் செயலிகளும் மூன்றாவதற்கென வேறுவகைச் செயலிகளும் உள்ளன. இரண்டாவது கேள்விக்கு இன்றுவரை எந்தச் செயலியும் நம்பத்தக்க விடை தருவதில்லை. தெற்குக் கேரளத்தைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது கேள்விதான் மற்ற இரண்டையும் தீர்மானிக்கிறது.

இடங்களைப் பட்டியலிடும் செயலிகளில் உலக அளவில் பரவலாக அறியப்பட்டவை ஐஓவர்லேண்டரும் பார்க்ஃபோர்நைட்டும் ஆகும். முன்னது கண்டம் கடந்து வாகனத்தில் பயணிப்போர் தாங்கள் தங்கிய இடங்களைத் தாங்களே குறித்து வைக்கும் தரவுத்தொகுப்பு. பின்னது பிரான்சில் தோன்றி, பெரும்பாலும் ஐரோப்பியச் சாலைகளில் வீட்டு வண்டியோடு செல்வோருக்குப் பயன்படுவது. இவ்விரண்டிலும் ஒரு குறியீட்டின் மதிப்பு, அதைக் குறித்தவர் யார், எப்போது, எந்த வாகனத்தில் வந்தவர் என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஐரோப்பாவில் ஒரே இடத்தைப் பலர் வந்து பார்த்துத் திருத்தும்போது பிழைகள் தாமாகவே களையப்படுகின்றன. இந்தியாவிலோ பதிவுகள் அரிதாக இருப்பதால், வெளிநாட்டுப் பயணி ஒருவர் எப்போதோ ஓர் இரவு வண்டியை நிறுத்திய கடற்கரைத் திடலோ பெட்ரோல் நிலையத்தின் பின்புறமோ நிலையான தங்கலிடம் போலக் காட்சியளிக்கக்கூடும். ஆகவே சாலையோரமாக வண்டியிலேயே உறங்க நினைப்பவருக்கு இச்செயலிகள் துப்புத் தரும். மலையில் கூடாரமடிக்க நினைப்பவருக்கு அந்த அளவுக்குக்கூட உதவுவதில்லை.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. நகருக்குக் கிழக்கேயுள்ள மலைச்சரிவின் பெரும்பகுதி நெய்யாறு, பேப்பாறை, செந்துருணி ஆகிய வனவிலங்குச் சரணாலயங்களும் அவற்றைச் சூழ்ந்த ஒதுக்கப்பட்ட காடுகளுமாகும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் உரிய அனுமதிச்சீட்டின்றி நுழைவதே குற்றம். 1961ஆம் ஆண்டின் கேரள வனச் சட்டம் ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் அத்துமீறி நுழைவதைத் தண்டிக்கிறது. மேலைநாட்டு நூல்கள் புகழும் ‘விரும்பிய இடத்தில் கூடாரமிடும் உரிமை’ இம்மலைகளில் இல்லை. அகத்தியமலை எனப்படும் அகத்தியர்கூடத்துக்குச் செல்ல விரும்புவோர், 1,868 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்துக்கு வனத்துறை ஆண்டின் தொடக்க மாதங்களில் மட்டும் இணையவழியில் வழங்கும் அனுமதியைப் பெற்று, போனக்காட்டிலிருந்து வழிகாட்டியோடு நடந்து, அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் சிகரமேறித் திரும்பவேண்டும். வேறிடத்தில் கூடாரம் விரிக்க அங்கே இடமே இல்லை. தென்மலையை ஒட்டிய செந்துருணியிலும் இரவுத் தங்கல் வனத்துறையின் குடில்களில், அதன் முன்பதிவின் பேரில்தான். திருவனந்தபுரம் வனவிலங்குக் காப்பாளரின் அலுவலகம் நகருக்குள்ளேயே, பி.டி.பி. நகரில் இருக்கிறது என்பதை நினைத்தால், கைப்பேசித் திரையில் மணிக்கணக்காகத் தேடுவதைவிட ஒரு முற்பகல் நேரில் சென்று கேட்பது நகரவாசிகளுக்கு எளிது.

தனியார் நிலத்தில் நடத்தப்படும் கூடாரத் தங்கலிடங்களுக்கு இந்தத் தடை பொருந்தாது என்றாலும், தேடல் முடிவில் ஓரிடம் தோன்றுவதனாலும் நட்சத்திரக் குறிகள் குவிந்திருப்பதனாலும் அது உரிமம் பெற்றது என்று கொள்ள முடியாது. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே, காட்டை ஒட்டிய தனியார் தங்கலிடத்தில் கூடாரத்தில் தங்கியிருந்த ஆசிரியை ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தபின், அங்கே கூடாரத் தங்கல்கள் பல போதிய அனுமதியின்றி நடந்துவந்தது பெரும் விவாதமாயிற்று. ஊராட்சி உரிமத்தைக் காட்டுங்கள் என்று முன்பதிவுக்கு முன்பே கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

இடமும் அனுமதியும் உறுதியான பின்னரே இணையமில்லா வரைபடம் பற்றிய தேர்வு தொடங்குகிறது. இணையமில்லா வரைபடம் என்பது ஒரு நிலப்பகுதியின் சாலை, பாதை, ஆறு, குடியிருப்பு முதலிய தரவுகளை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டு, பின்னர் அலைவரிசையின்றிப் பார்ப்பதற்குரிய வரைபடமாகும். பெரும்பாலோர் கையில் ஏற்கெனவே இருக்கும் கூகுள் மேப்ஸ் இதைச் செய்யத்தான் செய்கிறது. விதுரா வரையும் பொன்முடிச் சாலையின் கொண்டையூசி வளைவுகளிலும் வாகனத்துக்கு அது போதும். ஆனால் இறக்கி வைத்த பகுதியில் அது வாகன வழியை மட்டுமே சொல்லும், நடைவழியைச் சொல்லாது. நில ஏற்ற இறக்கத்தையும் அந்நிலையில் காட்டாது. வாகன வழியிலும் அதைக் கண்மூடி நம்பலாகாது. 2024 மே மாதம் கோட்டயம் மாவட்டத்துக் குறுப்பந்தறையில், ஐதராபாத்திலிருந்து வந்த பயணிகள் அதன் வழிகாட்டுதலைப் பின்பற்றிச் சென்று மழைநீர் பெருகிய ஓடைக்குள் காரை இறக்கினர். நல்வேளையாக உயிர் தப்பினர்.

நடப்பவருக்குரிய செயலிகளான ஆர்கானிக் மேப்ஸும் ஓஸ்மாண்டும் ஒரே ஊற்றிலிருந்து நீர் மொள்பவை. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கி, உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்துவரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத் தரவே அவ்வூற்று. 2018 வெள்ளத்தின்போது கேரளத்தின் சாலைகளையும் கட்டடங்களையும் தன்னார்வலர்கள் விரைந்து வரைந்ததால் இம்மாநிலத்துக்கு அத்தரவு கணிசமாகச் செழித்தது. ஆர்கானிக் மேப்ஸ், மேப்ஸ்.மீ செயலியை முதலில் உருவாக்கியவர்கள் அது கைமாறிய பின் பிரித்தெடுத்து வளர்த்தது. விளம்பரமோ கட்டணமோ இன்றி, மலைப்பகுதிகளில் சமவுயரக் கோடுகளையும் சேர்த்தே தருகிறது. சமவுயரக் கோடு என்பது கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்திலுள்ள புள்ளிகளை இணைக்கும் கோடு. கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்து, அகன்றிருந்தால் சமதளம். கூடாரத்துக்குத் தட்டையான இடம் எது, ஓடைப் பள்ளத்துக்கு மேலே எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும் என்பதை முதலில் சொல்வது இக்கோடுகள்தாம். ஓஸ்மாண்ட் இதைவிடக் கனமானது, அடுக்கடுக்கான அமைப்புகள் கொண்டது, பழகுவதற்குப் பொறுமை கேட்பது. சமவுயரக் கோடுகளுக்குப் பணம் கட்டவேண்டும், இலவசப் பதிப்பில் பதிவிறக்க எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. நடந்த தடத்தை விரிவாகப் பதிந்து, ஜிபிஎக்ஸ் என்னும் கோப்பாக (செயலிகள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் பொது வடிவம்) சேமித்து ஆராய விரும்புவோருக்கு அதுவே ஏற்றது. ஆண்டுக்கு இரண்டொரு முறை மலையேறுபவருக்கு ஆர்கானிக் மேப்ஸ் போதும். அதற்கு மேல் தேடுவது தேவையற்ற சுமை.

இரண்டிலும் ஒரே குறை உண்டு. சமவுயரக் கோடுகள் பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் ராடார் கொண்டு அளந்த நில உயரத் தரவிலிருந்து பெறப்படுபவை. அந்த அலைகள் அடர்ந்த மழைக்காட்டில் பெரும்பாலும் மரவிதானத்திலேயே பட்டுத் திரும்புவதால், குறுகிய ஓடைப்பள்ளமும் மரங்களுக்கடியில் ஒளிந்த பாறைச் சரிவும் கோடுகளில் மழுங்கிவிடுகின்றன. மேலும் வரைபடத்தில் காணும் மெல்லிய புள்ளிக்கோடு வனக்காவலரின் பாதையாகவோ, காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புக்குச் செல்லும் வழியாகவோ, யானைகள் நடந்து தேய்த்த தாரையாகவோ இருக்கலாம்; பாதை என்று வரையப்பட்டது நடக்க அனுமதியுள்ள பாதை என்று பொருள்படாது.

இக்குறையைச் சரிபார்க்க இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாள்கள் உதவுகின்றன. இத்துறை தொடங்கிய 250ஆம் ஆண்டான 2017இல் திறந்த இணையவாயில் வழியாக ஆதார் எண்ணைக் கொடுத்து இவற்றை இலவசமாகப் பெறும் ஏற்பாடு வந்தது. இம்மலைகள் அளக்கப்பட்ட வரலாறும் நெடியது. வார்டு, கானர் என்னும் படை அதிகாரிகள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்தனர். திருவிதாங்கூர் வானாய்வகத்தின் ஜான் ஆலன் பிரவுன் 1855இல் அகத்தியமலை உச்சியிலேயே காந்த, வானிலை அளவீடுகளுக்காக ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். இன்று ஒரு தாளை அச்சிட்டு, நெகிழி உறையிலிட்டு எடுத்துச் செல்வதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. மின்கலம் தீர்ந்தபின் பயன்படுவதும் அதுதான்.

கைப்பேசி இருப்பிடத்தை அறியும் முறை தெரிந்தால் வீண் அச்சம் குறையும். செயற்கைக்கோள் சைகையைப் பெற இணையமோ சிம் அட்டையோ தேவையில்லை. அலைவரிசை உள்ள இடத்தில் கைப்பேசி, செயற்கைக்கோள்களின் பாதைத் தகவலை இணையத்திலிருந்து நொடிகளில் பெற்றுவிடுகிறது. இல்லாத இடத்தில் அதே தகவலை அச்செயற்கைக்கோளிடமிருந்தே திறந்த வானத்தின் கீழ் அரை நிமிடம்போலக் காத்திருந்து பெறவேண்டும், மரநிழலில் சைகை அறுபட்டு அறுபட்டு இன்னும் நேரமாகும். ஆகவே விதுராவைக் கடக்கும் முன்பே இருப்பிட வசதியை இயக்கி நீலப்புள்ளி தெளிவாக நின்றபின் நடைவழியில் இறங்குவது நலம். அலைவரிசையைத் தேடித் தேடியே கைப்பேசியின் மின்கலம் காலியாகும் என்பதால், காட்டுக்குள் அதை விமானப் பயன்முறையில் வைப்பது நல்லது; அப்போதும் தற்காலக் கைப்பேசிகளில் இருப்பிடம் அறிதல் நிற்காது. வரைபடங்கள் மாநில வாரியாக இறக்கப்படுபவை. அகத்தியமலை எல்லையில் நிற்பதால் கேரளத்தோடு தமிழ்நாட்டையும் சேர்த்து இறக்கவில்லையெனில் திரையின் பாதி வெறுமையாகவே தோன்றும்.

எல்லை கடந்தால் விதிகளும் வேறு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தபின் தமிழ்நாடு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களுக்கு இணைய முன்பதிவைத் தொடங்கியது. அவை பெரும்பாலும் பகல்நேர நடைகளே. கூடாரத் தங்கலை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவார்.

வெளிநாட்டு வழிகாட்டி நூல்கள் அலைவரிசையற்ற இடங்களுக்குப் பரிந்துரைக்கும் செயற்கைக்கோள் தகவல் கருவிகளை இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி வைத்திருப்பது சட்டவிரோதம். அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே கைதான நிகழ்வுகள் உண்டு. அதற்கு மாற்றாக, செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதி வீட்டில் ஒருவரிடமும் வனத்துறைச் சாவடியிலும் கொடுத்துவிட்டுச் செல்வதே இங்கு நடைமுறையில் உள்ள பாதுகாப்பு. கோடையின் பிற்பகல் இடிமின்னலுக்குப் புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி எச்சரிக்கை தருகிறது, ஆனால் அதற்கு இணையம் தேவை என்பதால் புறப்படும் நாளில் பார்க்கலாமே தவிர முகட்டில் நின்று பார்க்க முடியாது. பருவமழை மாதங்களில் பொன்முடிச் சாலை அடைபடுவதும் கல்லாறு திடீரெனப் பெருகுவதும் வழக்கம். அந்நாட்களில் எந்த வரைபடம் சிறந்தது என்பது பேச வேண்டிய கேள்வியல்ல, மலைக்குப் போகாமலிருப்பதே சரி.