பழைய தபால் தலைகளும் பழைய சிநேகிதர்களும்

நம் வியாபாரிகளில் அறுபது வயதைத் தாண்டிய பலருடைய வீட்டுப் பெட்டியின் அடியில் ஒரு தபால் தலை ஆல்பம் கிடக்கும். பள்ளிக்கூட நாளில் தொடங்கியது; கடையில் உட்கார்ந்த வருஷத்தோடு நின்றுபோனது. அப்படி நின்றதற்கு நியாயமான காரணமும் இருந்தது. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. லண்டன் ஸ்டான்லி கிப்பன்ஸ் கம்பெனியார் 1865 முதல் வெளியிட்டுவரும் விலைப்பட்டியல்தான் துணை. அதை வாங்கச் சாமானியருக்குக் கட்டுப்படியாகாது. தபால் தலை மாற்றிக்கொண்ட வெளியூர்ச் சிநேகிதர்களோ, வீடு மாறியதும் காணாமற் போனார்கள். இவ்விரு குறையையும் இன்று இணையம் பெரும்பாலும் தீர்த்திருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதே இப்பாடம்.

முதலில் கையிருப்புச் சரக்கு இன்னதென்று தெரியவேண்டும். தபால் தலை 1840 மே மாதம் இங்கிலாந்தில் பிறந்தது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் 1867 வரை கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டபடியால், இந்தியத் தபால் தலைகளே இங்கும் செலாவணியில் இருந்தன. ஆகவே, விக்டோரியா ராணியின் தலை போட்ட பழைய இந்தியத் தபால் தலையில் 'பி' என்ற ஆங்கில எழுத்தும் 172 என்ற எண்ணும் குத்தியிருந்தால், அது சிங்கப்பூரில் தபாலில் சேர்ந்தது. 147 என்றிருந்தால் பினாங்கு. 109 என்றிருந்தால் மலாக்கா. 1867 ஏப்ரலில் இப்பகுதி தனிக் குடியேற்ற நாடானது. அதே செப்டம்பரில் இந்தியத் தலைகளின் மேலேயே ஒரு கிரீடத்தையும் காசு விலையையும் அச்சடித்து விற்றார்கள். அணா போய்க் காசு வந்த கதை அந்தச் சிறு காகிதத்தில் இருக்கிறது.

ஜப்பான்காரர் காலத்திலும் இதே வேலைதான் நடந்தது. மலாயாவின் பழைய தலைகள்மீது 'டாய் நிப்பான் 2602 மலாயா' என்று அடித்து விற்றார்கள். 2602 என்பது ஜப்பானியர் ஆண்டுக் கணக்கு. நம் கணக்கில் 1942. போர் முடிந்து பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் வந்ததும், 1945ல் 'பி.எம்.ஏ. மலாயா' என்று அடித்தார்கள். இவை நம் முந்திய தலைமுறையினர் கையில் சாதாரணமாகப் புழங்கியவை. ஆனால், ஜப்பான் கால முத்திரைகளில் போலி மிகுதி. கையால் குத்தியதைக் கையால் போலி செய்வது சுலபமல்லவா?

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். உறையிலிருந்து தபால் தலையைக் கிழித்தெடுக்கக் கூடாது. சிறுவயதில் நாமெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழற்றினோம், அது பரவாயில்லை. இன்று ஒரு பழைய உறை முழுசாகக் கிடைத்தால் அப்படியே வைக்கவேண்டும். எந்தத் தேதியில் புறப்பட்டது, எந்த ஊர் வழியாகப் போனது, யாருக்கு வந்தது என்பதெல்லாம் உறையில்தான் இருக்கிறது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏற்றிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறக்கிய ரஜூலா கப்பல் 1926ல் கட்டப்பட்டு 1973 வரை ஓடியது. அந்தக் கப்பல் காலத்துக் கடைக் கடிதங்கள் இன்னும் சில கடைகளின் மேல்மாடியில் கம்பியில் குத்தியபடியே இருக்கின்றன. கடையைக் காலி செய்யும் அன்று அவை பழைய பேப்பர்க்காரருக்குப் போய்விடுகின்றன. கணக்குப் புத்தகத்தைப் பத்திரப்படுத்துகிறவர்கள் கடிதக் கட்டை எடை போட்டு விற்பது எனக்கு விளங்கவில்லை.

இணையத்தில் விசாரிக்கும் முறையைப் பார்ப்போம். சன்னல் ஓரத்து வெளிச்சத்தில், பளிச்சிடும் விளக்கில்லாமல், தபால் தலையைத் தொலைபேசியில் படமெடுக்கவேண்டும். கூகுள் லென்ஸில் கொடுத்தால் நாடும் காலமும் ஏறக்குறைய தெரியும். பிறகு கோல்நெக்ட் என்னும் இணையப் பட்டியலில் நாட்டையும் வருஷத்தையும் வைத்துத் தேடினால் சரியான இனம் அகப்படும். நிறச்சாயலிலும் மேலச்சிலும் உள்ள நுட்ப வித்தியாசத்தை இயந்திரம் அடிக்கடி கோட்டை விடும்; பல் எண்ணிக்கையையும் நீரோட்டக் குறியையும் நம் கண்தான் பார்க்கவேண்டும். விலை விஷயத்தில் வியாபாரிக்குப் பாடம் தேவையில்லை. கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி கேட்கலாம்; அதையே பார்க்கவேண்டும். பெருந்தொகை என்று தோன்றினால், லண்டன் ராயல் பிலாட்டலிக் சொசைட்டி போன்ற இடங்களில் சோதித்துச் சான்று வாங்காமல் கைமாற்ற வேண்டாம். சிங்கப்பூரில் 1995ல் திறந்த தபால் தலைக் காட்சிசாலை இப்போது இல்லை. அந்தக் கட்டடம் 2022 முதல் சிறுவர் காட்சிசாலையாக நடக்கிறது.

விசாரிக்கப் போனவர்களுக்கு ஒரு விஷயம் தெரியவரும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் பலரிடம் நம் ஊர் உறைகள் உண்டு; அவற்றின்மேல் தமிழில் எழுதிய விலாசத்தை வாசிக்க அவர்களால் முடியாது. நமக்கோ கடை விலாசத்தின் எழுத்துகளைப் பார்த்ததும் எந்த ஊரார் என்று ஊகிக்கத் தோன்றும். சில கடிதங்கள் அரபுத் தமிழில் இருக்கும். அதை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் குறைந்துவருகிறார்கள். ஒரு வரி வாசித்துச் சொன்னால், அவர் பதிலுக்கு நமக்குத் தெரியாத நான்கு விஷயம் சொல்வார். புதிய சிநேகிதம் இப்படித்தான் பிறக்கிறது.

பழைய சிநேகிதரைத் தேடுவது இதைவிடச் சிரமம். காரணம் நம் பெயர்கள். முகம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் மொஹமெட், முஹம்மத், மொஹ்ட் என்று பலவிதமாக எழுதுகிறோம். சாகுல் ஹமீது என்பதற்கு எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டோ, அத்தனையையும் போட்டுப் பார்க்கவேண்டும். இந்தியாவில் தந்தை பெயர் தலையெழுத்தாக முன்னே நிற்கும். இங்கே 'பின்' என்று பின்னே வரும். தனிப் பெயரைவிட ஊர்ப் பெயர், பள்ளிக்கூடம், தெரு, கடைப் பெயர் ஆகியவை வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். முகநூலில் கீழக்கரை, கடையநல்லூர், முத்துப்பேட்டை என்று ஊர்வாரியாகக் கூட்டங்கள் இருக்கின்றன. அங்கே பெயரையும் வருஷத்தையும் சொல்லி விசாரித்தால், அவரே இல்லாவிட்டாலும் அவர் மருமகனாவது அகப்படுவார்.

முன்பின் பார்க்காதவர் 'நான்தான் அந்தச் சிநேகிதர்' என்று வந்து, இரண்டாம் நாளே பணம் கேட்டால் உஷாராக இருக்கவேண்டும். அவருக்கும் நமக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டால் போதும், குட்டு வெளிப்படும்.

முதல் செய்தியில் நீண்ட கதை வேண்டாம். அவர் அந்நாளில் அனுப்பிய தபால் தலை ஒன்றின் படமும், நம் பெயர், ஊர், வருஷமும் போதும். முகநூலில் அறிமுகமில்லாதவர் செய்தி தனிப் பெட்டியில் போய் விழுந்து, மாதக்கணக்கில் கண்ணில் படாமலே கிடக்கும். ஆகையால், ஊரார் ஒருவர் மூலமும் சொல்லி வைக்கவேண்டும். பதில் மகனிடமிருந்து வந்து, தகப்பனார் காலமாகிவிட்டார் என்றிருந்தால், நம்மிடமுள்ள அவருடைய கடிதங்களைப் படமெடுத்து அனுப்பலாம். தகப்பனாரின் கையெழுத்து அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்.