"திருப்தி" என்ற சொல்லில் மாட்டிக்கொள்ளும் கடைசித் தவணை

கடைக்கு பில் போடும் மென்பொருள் செய்விப்பதாகட்டும், காட்சியறையைப் புதுப்பிப்பதாகட்டும், எமது வர்த்தகர்கள் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கையில் ஒரு வரி அடிக்கடி இடம்பெறுவதைக் காணலாம்: "வேலை எமக்குத் திருப்தியாக முடிந்த பின்னரே மீதிப் பணம் வழங்கப்படும்." பணம் கொடுப்பவருக்கு இது பெரிய காவலாகத் தோன்றுகிறது. உண்மையில் இந்த வரி இருவரில் எவரையும் காப்பதில்லை. எப்போது முடியும் என்று தெரியாத வேலைக்கு, செய்பவர் விலையைக் கூட்டிச் சொல்வார். அல்லது இரண்டாவது தவணையோடு காணாமல் போய்விடுவார். பிணக்கு ஒரு நடுவரிடம் சென்றால், வேலை கொடுத்தவரும் எது குறை என்று சுட்டிக்காட்ட எழுத்தில் ஒன்றுமில்லாமல் நிற்பார்.

ஐ.எஸ்.ஓ. 9000 என்ற சர்வதேச தர ஆவணம் வாடிக்கையாளர் திருப்திக்கு ஒரு வரைவிலக்கணம் தருகிறது. தன் எதிர்பார்ப்பு எந்த அளவுக்கு நிறைவேறியது என்று வாடிக்கையாளர் கருதுகிறாரோ, அதுவே திருப்தி. அதாவது அது இருப்பது பொருளில் அல்ல, அவரது மனதில். ஒத்துக்கொண்ட தேவைகள் யாவும் நிறைவேறினாலும் திருப்தி உயர்வாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்றும், முறைப்பாடு வராததைத் திருப்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது என்றும் அதே ஆவணம் சொல்கிறது. எனவே திருப்தி ஒரு நோக்கமாக இருக்கலாம். பணம் கொடுப்பதற்கான நிபந்தனையாக அதை வைக்க முடியாது.

ஒரு புடவைக்கடை முதலாளி, "மென்பொருள் பாவிக்க இலகுவாக இருக்க வேண்டும்" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். "சரி, இலகுவாகச் செய்து தருகிறோம்" என்று தலையாட்டிவிடுவது பலர் விடும் பிழை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: "எது நடந்தால் இது இலகுவில்லை என்று சொல்வீர்கள்?" திருப்தியை விளக்கத் தெரியாதவர்களும் அதிருப்தியை அழகாக விளக்குவார்கள். பெருநாள் நெருங்கும்போது காசாளர் முன் வரிசை நீளும். புதிதாக வந்த பையன் ஒவ்வொரு பில்லுக்கும் முதலாளியைக் கூப்பிடுவான். மாற்ற வந்த உடுப்புக்குப் பழைய பில்லைத் தேடி எடுக்க முடியாது. கரண்ட் போனால் பாதி பில் அழிந்துவிடும். அவர் மனதில் உள்ள "இலகு" இதுதான்.

இனி எழுதுவது கடினமல்ல. ஒரு மணி நேரம் பழக்கிய புதிய ஊழியர் பத்து உருப்படி கொண்ட பில்லை இரண்டு நிமிடத்தில் போட வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட எந்த பில்லையும் அரை நிமிடத்தில் எடுக்க வேண்டும். மின்சாரம் தடைப்பட்டு மீண்டால் முடிக்காத பில் அப்படியே இருக்க வேண்டும். எண்கள் கடைக்குக் கடை மாறும். யார், எங்கே சோதிப்பது என்பதையும் எழுதுங்கள். செய்தவர் தன் அலுவலகத்தில் ஓட்டிக் காட்டுவது சோதனையல்ல. கடையில், கடைப் பையன் கையால், உண்மையான ஸ்டொக்கை வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் பிரச்சினை புதியதல்ல. சொல்லிச் செய்விக்கும் பொருளுக்கான இஸ்திஸ்னாஃ உடன்படிக்கை பற்றி ஹனபி மத்ஹபுக்குள்ளேயே இது விவாதிக்கப்பட்டது. முடித்த பொருளைக் கண்ட பின் வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஓடர் கொடுத்தவருக்கு உண்டு என்பது இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களின் கருத்து. பொருள் சொன்ன விபரத்துக்கு அமைய இருந்தால் அந்த உரிமை இல்லை என்றார் அவர்களது மாணவர் இமாம் அபூ யூஸுப் (ரஹ்). காரணம் வியாபாரிக்கு உடனே விளங்கும்: ஒருவரது அளவுக்கும் விருப்பத்துக்கும் செய்ததை வேறொருவர் அதே விலைக்கு வாங்கமாட்டார், நட்டம் முழுவதும் செய்தவர் தலையில் விழும். 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசில் தொகுக்கப்பட்ட மஜல்லா சட்டக்கோவை இரண்டாவது கருத்தையே ஏற்றது. விபரத்துக்கு மாறாக இருந்தால் மட்டும் ஓடர் கொடுத்தவர் மறுக்கலாம். ஆனால் விபரம் ஒன்று இருந்தால்தானே அதற்கு மாறானது என்று எதையும் காட்டலாம்!

அளக்க முடியாத மிச்சம் ஒன்று எப்போதும் இருக்கும். பெயர்ப்பலகையின் நிறம், காட்சியறையின் வெளிச்சம் போன்றவற்றுக்கு எண் தேடி மல்லுக்கட்டுவது வீண் வேலை. மாதிரி ஒன்றைச் செய்து, இருவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்வதே வழி. மாதிரி காட்டி விற்ற சரக்கு அம்மாதிரியின் தரத்தோடு ஒத்திருக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான சந்தர்ப்பம் வேண்டும் என்றுதான் எமது நாட்டின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் சொல்கிறது. ரசனைக்கு நீதிபதி ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும். முதலாளி பச்சை என்பார், மகன் நீலம் என்பார், மச்சான் வந்து இரண்டும் சரியில்லை என்பார். இந்தச் சபையைத் திருப்திப்படுத்த எந்த பாஸாலும் முடியாது. யார் சொல்வது முடிவு, எத்தனை முறை இலவசமாக மாற்றித் தரப்படும், எத்தனை நாளில் பதில் வராவிட்டால் மாதிரி ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்பவை எழுத்தில் வர வேண்டும்.

"கடை வாடிக்கையாளரில் 90 வீதமானோர் திருப்தியடைய வேண்டும்" என்று மென்பொருள்காரரிடம் எழுதி வாங்குவதிலும் பயனில்லை. வந்தவர் முகம் சுளித்தது பில் தாமதத்தாலா, விலையாலா, வாகனம் நிறுத்த இடமில்லாததாலா? அவர் பொறுப்பேற்கக்கூடியது முதலாவதற்கு மட்டுமே.

சோதனைகள் தேறிய அன்றே மீதியின் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுங்கள். மொத்தத்தில் பத்து வீதம் போன்ற சிறு தொகையை ஒரு மாதப் பாவனை முடியும்வரை நிறுத்தி வைக்கலாம். அந்த மாதத்தில் காணும் குறைகளைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். உடன்படிக்கையில் உள்ளது சரிவராவிட்டால் அது குறை. அதில் இல்லாததைக் கேட்டால் அது புதிய வேலை, அதற்கு வேறு விலை. பெருநாள் வியாபாரத்துக்கு வேண்டிய மென்பொருளானால், இந்த ஒரு மாதமும் நோன்பு தொடங்குமுன் முடியும்படி திகதி போட வேண்டும். அதற்குச் சில மாதங்கள் முன்னரே பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கும்.