கேமராவும் நுண்செயலியும்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

சென்ற ஆண்டு நானும் வகுப்புத் தோழர் ஒருவரும் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து ஓவி7670 என்னும் சிறு கேமரா சென்சார் ஒன்றை வாங்கினோம். நெல்லின் இலைகளைப் படமெடுத்து, நோய்ப் புள்ளிகளைக் கண்டறிய வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதனை அர்டுயினோ ஊனோ பலகையில் இணைத்தோம். பல நாட்கள் முயன்றும் ஒரு முழுப் படம்கூடக் கிடைக்கவில்லை. பழுது சென்சாரில் இல்லை. எங்கள் கணக்கில்தான் இருந்தது.

அக்கணக்கைப் பார்ப்போம். இந்தச் சென்சார் தரும் படத்தில் 640 × 480, அதாவது 3,07,200 புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 2 பைட் என்றால் படம் ஒன்றுக்கு 6,14,400 பைட் ஆகும். ஊனோவின் நுண்செயலியில் உள்ள தற்காலிக நினைவகமோ 2,048 பைட்தான்! ஏரி நீரைச் செம்பில் பிடிக்க முயன்றோம் எனலாம்.

இக்குறையைக் குறைந்த செலவில் தீர்க்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, இடையே ஒரு தேக்கம் அமைப்பது. ஏஎல்422பி என்னும் நினைவகச் சில்லு, சென்சார் வேகமாகத் தருவதை வாங்கி வைத்துக்கொள்ளும். நுண்செயலி அதனை மெதுவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் கொள்ளளவு 3,93,216 பைட். 320 × 240 படம் அடங்கும். 640 × 480 அடங்காது.

இரண்டாவது, சென்சாரிலேயே படத்தைச் சுருக்குவது. ஓவி2640 சென்சாரின் படத்தில் 1600 × 1200 புள்ளிகள் உள்ளன. சுருக்காவிடில் இது 38,40,000 பைட். இச்சென்சார் தானே ஜேபெக் முறையில் சுருக்கி, அதில் ஒரு சிறு பகுதியையே வெளியே அனுப்புகிறது. ஈஎஸ்பி32-கேம் பலகையில் இதுவே பயன்படுகிறது. சுருக்கும்போது நுண்ணிய விவரங்கள் சற்று மங்கும் என்பது இதன் குறை.

மூன்றாவது, கைப்பேசிகளுக்கென உருவான சிஎஸ்ஐ-2 இணைப்பு. 2013-இல் வந்த ராஸ்பெர்ரி பை கேமராவின் படத்தில் 2592 × 1944, அதாவது 50,38,848 புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 10 பிட், நொடிக்கு 15 படம் என்றால், நொடிக்கு 75 கோடி பிட்டுக்கு மேல்! இத்தனையையும் இரண்டே இணைக்கம்பிகள் சுமக்கின்றன. காலத்துடிப்புக்கு மற்றோர் இணை உண்டு. ஒவ்வோர் இணையிலும் இரு கம்பிகளின் மின்னழுத்த வேறுபாடே செய்தியாகும். இரண்டிலும் ஒருசேரப் புகும் இரைச்சல், கழித்தலில் நீங்கிவிடும். ஆனால் இதனை ஏற்கும் பகுதி நுண்செயலியிலேயே இருத்தல் வேண்டும். சாதாரணச் சிறு நுண்செயலிகளில் அது இல்லை. தனிச் சில்லு வாங்கி இணைப்பதைவிட, அப்பகுதி அமைந்த பலகையையே வாங்குவது சிக்கனம்.

நாங்கள் எதைத் தேர்ந்தோம்? இலை எங்கும் ஓடிவிடப் போவதில்லை. எங்களுக்கு நொடிக்கு 15 படம் எதற்கு? ஒன்று போதும். எனவே இரண்டாம் வழியே எங்களுக்கு ஏற்றதாயிற்று. சிறு புள்ளிகள் மங்கியபோது, வில்லையைப் பிடித்திருந்த பசையை நீக்கி, அதனைச் சற்றே திருகி, இலைக்கு மிக அருகில் வைத்துப் படமெடுத்தோம். புள்ளிகள் தெளிந்தன.

மாணவ நண்பர்களே! விலைப்பட்டியலைப் புரட்டுமுன் ஒரு பெருக்கல் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாங்கள் இழந்த பணமாவது உங்களுக்கு மிஞ்சட்டும்.