கவலையில் வந்த கட்டியா?

“யுத்த காலத்துல மனசு வெந்து வெந்தே அவளுக்குப் புற்று வந்துருச்சு.” கொட்டகலைப் பக்கத்து லயங்களில் இன்றும் காதில் விழும் பேச்சு.

கவலைதான் புற்றை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஐரோப்பாவில் 116,000 பேரை வைத்து 2013இல் வெளிவந்த ஆய்வு, வேலை நெருக்கடிக்கும் மார்பு, நுரையீரல், குடல், புரஸ்டேட் புற்றுகளுக்கும் தொடர்பு காணவில்லை. யுத்தமும் வேலை நெருக்கடியும் ஒன்றா என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். ஆனால் யுத்தம் கெடுத்தது வேறு வழியில். அடையாள அட்டை இல்லாத தோட்டத் தமிழருக்குக் கொழும்புப் பாதையின் ஒவ்வொரு சோதனைச் சாவடியும் அப்போது ஒரு கண்டமாக இருந்தது. மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிப் பயணத்தைத் தள்ளிப்போட அது போதாதா? கட்டி நமக்காகக் காத்திருக்காது.

கவலை வந்தால் கை வெற்றிலைப் பையைத் தேடும். “பொயிலை போடாட்டி ஒன்னுமில்ல” என்பது அடுத்த நம்பிக்கை. பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது.

பிறகு கட்டு அனோதா, அதாவது முள்சீத்தா, இலைக் கஷாயம் புற்றைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை. அது மனிதருக்குப் புற்றைக் குணமாக்கியதாக நம்பத்தக்க ஆய்வு இல்லை. கரீபியன் தீவான குவாதலூப்பில், இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நடுக்கநோய் தெரிந்ததை 1999இல் மருத்துவர்கள் எழுதினார்கள். நம் தேயிலைகூட எல்லா வேளையும் சாது அல்ல. எலும்பு மஜ்ஜைப் புற்றுக்குக் கொடுக்கும் போர்ட்டெசோமிப் மருந்தைப் பச்சைத் தேயிலையின் சத்து முடக்குவதாக 2009இல் எலிகளில் கண்டார்கள்.

ஒருங்கிணைந்த மருத்துவம் என்றால் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு நாட்டு வைத்தியம் பார்ப்பது என்று நினைப்பதுதான் மிக ஆபத்தானது. மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்களுக்கு இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு என்று 2018இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஒருங்கிணைந்தது என்றால் சிகிச்சையோடு சேர்ந்து நடப்பது. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மனஒருமைப் பயிற்சியையும், மார்புப் புற்று நோயாளரின் பதற்றத்துக்கு யோகாவையும் 2023இன் சர்வதேச வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. மூச்சுப் பயிற்சிக்குக் காசு வேண்டாம். கிளினிக் போனால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, போகுமே, அந்தக் கவலைக்கு எந்த ஆசனமும் கிடையாது. அதைத் தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும்தான் தீர்க்க வேண்டும்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் குடிக்கும் இலை, தூள், லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொப்பியோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கம் வராததையும் சொல்லுங்கள். அதற்கும் மருந்து, ஆலோசனை உண்டு.