உருளைக்கிழங்குத் துப்பாக்கி

பின்வரும் கட்டுரையை வாசித்து, தொடர்ந்து வரும் வினாக்களுக்கு விடை எழுதுக.

காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும், அதைக் குழாய்க்குள் அடைத்து நெருக்கினால், தன்னைத் தடுக்கும் பொருளைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கம்பத்துச் சிறுவர்கள் மூங்கில் குழாயின் இரு முனைகளையும் ஈரத்தாளால் அடைத்து, குச்சியால் தள்ளி, ‘டப்’ என்ற ஓசையுடன் பறக்கவிட்டு விளையாடியது இப்படித்தான். ஈரத்தாளுக்குப் பதிலாக உருளைக்கிழங்கைப் பயன்படுத்தி அக்கருவியை நாமும் செய்யலாம்.

20 சென்டிமீட்டர் நீளமும் 1 சென்டிமீட்டர் உள்விட்டமும் கொண்ட கெட்டியான நெகிழிக் குழாய் ஒன்றையும் அதனுள் எளிதாக நுழையும் மரக்குச்சி ஒன்றையும் எடுத்துக்கொள்க. குச்சி 18 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே செல்லாதவாறு அதன் பிடியில் ஒட்டுநாடாவைத் தடிமனாகச் சுற்றிடுக. உருளைக்கிழங்கை 1 சென்டிமீட்டர் கனமுள்ள வில்லைகளாக நறுக்கிப் பலகையின்மீது வைத்திடுக. குழாயின் இரு முனைகளையும் வில்லைகளில் அழுத்தினால், கிழங்குத் துண்டுகள் அடைப்பான்களாக உள்ளே அமர்ந்துகொள்ளும். பின் அடைப்பானைக் குச்சியால் விரைவாகத் தள்ளினால், முன் அடைப்பான் பறக்கும். பின்னால் இருந்த துண்டு முன்முனைக்கு வந்து, அடுத்த முறைக்குத் தயாராக நிற்கும்.

இதன் காரணத்தை 1662ஆம் ஆண்டில் ராபர்ட் பாயில் விளக்கினார். வெப்பநிலை மாறாதபோது, அடைபட்ட வாயுவின் கொள்ளளவு பாதியானால் அழுத்தம் இருமடங்காகும். அப்போது நம் குழாயிலுள்ள சிறு துண்டின்மீது ஏறத்தாழ 8 நியூட்டன் விசை செயல்படும். அது 800 கிராம் எடையைத் தூக்கப் போதுமான விசையாகும்!

ஆகவே, இதை விளையாட்டுப் பொருளாக மட்டும் எண்ணிவிடலாகாது. ஆசிரியர் அல்லது பெற்றோர் முன்னிலையில், காப்புக் கண்ணாடி அணிந்தே இதை இயக்க வேண்டும். ஆள்நடமாட்டமில்லாத திசையில் வைத்த அட்டைப் பெட்டியையே குறி வைத்திடுக. குழாயின் முனையை முகத்தருகே கொண்டு செல்லாதீர். கிழங்கைத் தவிர வேறெதையும் உள்ளே இடாதீர்.

சிலர் இதைப் பெரிதாக்கி, எரிவாயுவையோ கார்பைடையோ கொண்டு பீரங்கி செய்ய முற்படுகின்றனர். கார்பைடு நீருடன் சேரும்போது எளிதில் தீப்பற்றும் அசிட்டிலின் வாயு வெளிப்படும். கைத்துப்பாக்கியில் விசையைத் தருவது நம் கைதான். கையை நிறுத்தினால் அழுத்தம் கூடுவதும் நின்றுவிடும். மேலும், அங்கே முதலில் விட்டுக்கொடுப்பது கிழங்குத் துண்டு. எரியும் வாயுவோ யார் சொல்லையும் கேட்காது. நீர் செல்வதற்காகச் செய்யப்பட்ட குழாய் அவ்வழுத்தத்தைத் தாங்காமல் சிதறக்கூடும். பண்டிகைக் காலங்களில் இத்தகைய பீரங்கிகளால் விரல்களையும் பார்வையையும் இழந்த இளையோர் நம் நாட்டில் உண்டு. அனுமதியின்றி வெடிபொருள் தயாரிப்பது 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ் குற்றமுமாகும்.

எந்தக் கருவியைச் செய்யத் தொடங்கும் முன்பும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இதன் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? அதை நினைத்த நேரத்தில் நிறுத்த என்னால் முடியுமா? இரண்டாம் கேள்விக்கு ‘முடியாது’ என்பது விடையானால், அக்கருவியைக் கைவிடுவதே அறிவுடைமை.

வினாக்கள்

1. குச்சியின் பிடியில் ஒட்டுநாடாவைச் சுற்றுவது ஏன்?
2. ‘எரியும் வாயுவோ யார் சொல்லையும் கேட்காது’ என்பதன் பொருளை விளக்குக.
3. உருளைக்கிழங்குத் துப்பாக்கிக்கும் கார்பைடு பீரங்கிக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டனை எழுதுக.